வாங்கலாம், பையில் சுமக்க வேண்டாம்: கடலூர், புதுச்சேரிக்காரர்களுக்கு ஒரு ஹார்டுவேர் வாலட் கையேடு

ஹார்டுவேர் வாலட் என்பது பிட்காயின் போன்ற கிரிப்டோ காயின்களின் சாவியைப் பாதுகாக்கும், பென்டிரைவ் அளவில் ஒரு சின்னக் கருவி. விலை ஏழெட்டாயிரம் ரூபாயில் தொடங்கும். "இதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டால் என் பிட்காயின் பத்திரமா?" என்றுதான் பெரும்பாலோர் கேட்கிறார்கள். காயின் அந்தக் கருவிக்குள் இல்லை என்பதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். காயின் இருப்பது பிளாக்செயின் என்னும் பொதுக் கணக்கேட்டில். அதைச் செலவழிக்கக் கையொப்பம் போடும் சாவி மட்டுமே கருவிக்குள் இருக்கிறது. அந்தச் சாவியும் முதல் நாள் நீங்கள் காகிதத்தில் எழுதிவைக்கும் 12, 20 அல்லது 24 ஆங்கிலச் சொற்களிலிருந்து உருவாவது. கருவி கெடிலம் ஆற்றில் விழுந்து போனாலும் கவலையில்லை. இன்னொன்று வாங்கி அதே சொற்களை உள்ளிட்டால் எல்லாம் திரும்ப வந்துவிடும். சொற்கள் தொலைந்து கருவியும் கெட்டுவிட்டால் எந்தக் கம்பெனியாலும் எந்த நீதிமன்றத்தாலும் மீட்டுத் தர முடியாது.

அதனால் இங்கே கேள்வி இரண்டு. வாங்கலாமா? கையோடு கொண்டுபோகலாமா? முதல் கேள்விக்குப் பதில் ஆளைப் பொறுத்தது. இரண்டாவதற்குப் பதில் ஏறக்குறைய எல்லோருக்கும் ஒன்றுதான்: வேண்டாம்.

யாருக்குத் தேவை

உங்களிடமுள்ள காயினின் மதிப்பு கருவி விலையைப் போல் பத்து மடங்காவது இருந்தால் வாங்குங்கள். பத்தாயிரம் ரூபாய்க்கு காயின் வைத்திருப்பவர் எட்டாயிரத்துக்குப் பெட்டி வாங்குவதில் பொருளில்லை. வாரத்துக்கு நாலு முறை வாங்கி விற்பவருக்கும் இது ஒத்துவராது. ஒவ்வொரு முறையும் எக்ஸ்சேஞ்சுக்கு (காயினை வாங்கி விற்கும் இணையச் சந்தைக்கு) அனுப்பவும் எடுக்கவும் நெட்வொர்க் கட்டணம் போகும். வாங்கி இரண்டு மூன்று ஆண்டு தொடாமல் வைக்கப் போகிறவருக்குத்தான் இது கச்சிதமாகப் பொருந்தும்.

கருவிக்குப் பணம் கட்டுமுன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். நீங்கள் பயன்படுத்தும் எக்ஸ்சேஞ்ச் காயினை வெளி முகவரிக்கு அனுப்ப விடுகிறதா? இந்தியச் செயலிகளில் சில ரூபாயை மட்டுமே வெளியே எடுக்க விடும். சிலவற்றில் குறிப்பிட்ட காயின்களுக்கு மட்டும் அனுமதி உண்டு. குறைந்தபட்ச அளவு, கட்டணம், புதிய முகவரியைச் சேர்த்த பின் காத்திருக்க வேண்டிய நேரம் ஆகியவற்றையும் செயலிக்குள்ளேயே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். கருவி வந்து சேர்ந்த பிறகு "வெளியே எடுக்கவே முடியவில்லை" என்று தெரிந்துகொள்வது வீண் செலவு.

எதைக் காக்கும், எதைக் காக்காது

எக்ஸ்சேஞ்ச் விழுந்தால் இது காக்கும். 2024 ஜூலை 18 அன்று இந்திய எக்ஸ்சேஞ்சான வாசிர்எக்ஸிலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள காயின்கள் திருடப்பட்டன. வாடிக்கையாளர்கள் ஓராண்டுக்கும் மேலாகத் தங்கள் காயினைத் தொட முடியாமல் இருந்தார்கள். அதற்கு முன்பே காயினைத் தன் சொந்த வாலட்டுக்கு மாற்றி வைத்திருந்தவரை அது தொடவில்லை. கணினியில் வைரஸ் இருந்தாலும் இது காக்கும். சாவி கருவியை விட்டு வெளியே வருவதே இல்லை. கையொப்பம் உள்ளேயே போடப்பட்டு, அது மட்டும் வெளியே வருகிறது.

எதில் கையொப்பம் போடுகிறோம் என்று தெரியாமல் பொத்தானை அழுத்தினால் இது காக்காது. வாசிர்எக்ஸில் கையொப்பமிட்டவர்களும் ஹார்டுவேர் வாலட்டைத்தான் பயன்படுத்தினார்கள். 2025 பிப்ரவரி 21 அன்று பைபிட் எக்ஸ்சேஞ்சிலிருந்து சுமார் 150 கோடி டாலர் போனபோதும் அதே கதைதான். கணினித் திரை ஒன்றைக் காட்டியது, கருவிக்குப் போனது வேறு. கருவியின் சின்னத் திரையில் புரியும்படி எதுவும் வரவில்லை. ஆனாலும் ஒப்புதல் கொடுத்தார்கள். இதைக் கண்மூடிக் கையெழுத்து என்பார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் பத்திரத்தில் கைநாட்டு வாங்குவது போன்றது. பிட்காயினை அனுப்பும்போது முகவரியும் தொகையும் கருவித் திரையில் தெளிவாக வரும், அதனால் அங்கே இந்தச் சிக்கல் குறைவு. எத்தீரியம் போன்ற பிளாக்செயின்களில் ஓடும் தானியங்கி ஒப்பந்தங்களில், "இலவச டோக்கன்" தருவதாகச் சொல்லும் தளங்களில், இதுதான் பெரிய ஓட்டை. கருவித் திரை காட்டுவது புரியவில்லை என்றால் ரத்து செய்யுங்கள். ரத்து செய்வதால் ஒரு பைசா இழப்பில்லை.

24 சொற்களை நீங்களே போய் யாரிடமாவது சொன்னாலும் காக்காது. உலகில் ஹார்டுவேர் வாலட் வைத்திருந்தும் காயினைப் பறிகொடுக்கிறவர்களில் பலர் இந்த வழியில்தான் பறிகொடுக்கிறார்கள்.

எதை, எங்கே வாங்குவது

பரவலாக அறியப்பட்டவை செக் நாட்டின் டிரெசரும் பிரான்சின் லெட்ஜரும். சுவிட்சர்லாந்தின் பிட்பாக்ஸ், கனடாவின் கோல்டுகார்டு ஆகியவையும் நல்லவை. கோல்டுகார்டு பிட்காயினுக்கு மட்டும்தான். இந்தியர்கள் தொடங்கிய சைஃபராக் சாவியை ஒரு பெட்டியிலும் நான்கு அட்டைகளிலும் பங்கிட்டு வைக்கிறது.

பிராண்டைவிட இரண்டு பொருத்தங்கள் முக்கியம். முதலாவது, உங்கள் காயினை அந்த மாடல் ஏற்குமா? பழைய டிரெசர் ஒன் மாடலில் எக்ஸ்ஆர்பி, கார்டானோ ஆகிய காயின்களை வைக்க முடியாது. இரண்டாவது, உங்கள் போனுடன் சேருமா? லெட்ஜர் நானோ எஸ் பிளஸ் கேபிள் வழியே ஆண்ட்ராய்டுடனும் கணினியுடனும் இணையும், ஐபோனுடன் இணையாது. ஐபோன் மட்டுமே வைத்திருப்பவர் ப்ளூடூத் உள்ள நானோ எக்ஸ் போன்ற மாடலுக்குப் போக வேண்டும்.

பழைய நானோ எஸ் மாடல் யாராவது மலிவாகத் தந்தால் வேண்டாம். நினைவகம் சிறியது, தயாரிப்பு 2022இலேயே நின்றுவிட்டது. டிரெசர் ஒன்னில் தனிப் பாதுகாப்புச் சில்லு கிடையாது. கருவி கையில் கிடைத்தால் சுமார் பதினைந்து நிமிட நேரடி அணுகலில் சாவியை எடுத்துவிடலாம் என்று 2020 ஜனவரியில் கிராக்கன் எக்ஸ்சேஞ்சின் ஆய்வாளர்கள் செய்து காட்டினார்கள். வீட்டுப் பூட்டுக்குள் இருக்கும் கருவிக்கு இது பெரிய ஆபத்தில்லை. பையில் சுற்றும் கருவிக்கு ஆபத்துதான்.

தயாரிப்பாளரின் சொந்தத் தளம், அல்லது அந்தத் தளத்திலேயே பெயர் போட்டுள்ள விற்பனையாளர், இந்த இரண்டில் ஒன்றில் மட்டும் வாங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தையில் கைக்கடிகாரம் வாங்கலாம், இதை வாங்கக் கூடாது. "பாக்ஸ் பிரிக்காதது" என்று சொல்லி விற்கப்படும் பழைய கருவியும் ஆகாது. புதுச்சேரியில் பலருக்குப் பாரிசில் உறவினர் இருக்கிறார்கள். லெட்ஜர் பிரெஞ்சுக் கம்பெனி என்பதால் அங்கே வாங்கி விடுமுறைக்கு வரும்போது கொண்டுவரச் சொல்வது நல்ல வழிதான். ஆனால் பெட்டியைப் பிரிக்காமல் கொண்டுவரச் சொல்லுங்கள். "எல்லாம் செட் பண்ணி வச்சுட்டேன் மாமா, எடுத்து யூஸ் பண்ணுங்க" என்று பாசமாகச் செய்தாலும், அந்தச் சொற்கள் இன்னொருவர் கண்ணில் பட்ட சொற்கள். கருவியை அழித்துப் புதிதாகத் தொடங்குங்கள்.

இன்னொரு சங்கதி. 2020இல் லெட்ஜரின் வாடிக்கையாளர் பட்டியல் கசிந்தது. சுமார் 2,72,000 பேரின் பெயர், வீட்டு முகவரி, தொலைபேசி எண் வெளியே வந்தன. அடுத்த ஆண்டு அந்த முகவரிகளில் சிலவற்றுக்குப் போலிக் கருவிகளே தபாலில் வந்தன. ஆகவே ஆர்டர் செய்யும்போது அலுவலக முகவரி, தனி மின்னஞ்சல் கொடுப்பது நல்லது.

முதல் நாள்: வரிசையாக

ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். கதவைச் சாத்துங்கள். போனை வேறு அறையில் வையுங்கள், கேமரா எதுவும் மேசையைப் பார்க்கக் கூடாது.

1. பெட்டியைத் திறந்ததும் பின் எண் கொடுத்திருந்தாலோ, சொற்கள் அச்சடித்த அட்டையோ சுரண்டிப் பார்க்கும் அட்டையோ இருந்தாலோ அது மோசடி. உண்மையான பெட்டியில் அட்டை வெறுமையாகத்தான் இருக்கும்.

2. கருவியின் செயலியைத் தயாரிப்பாளர் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள், முகவரியை நீங்களே தட்டச்சு செய்து. கூகுளில் மேலே வரும் விளம்பரத்தைத் தொடாதீர்கள். 2023இல் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலேயே போலி லெட்ஜர் செயலி நுழைந்து லட்சக்கணக்கான டாலரைத் திருடியது.

3. ஃபர்ம்வேரை (கருவிக்குள் ஓடும் மென்பொருளை) புதுப்பியுங்கள். டிரெசர் ஃபர்ம்வேர் இல்லாமலே வரும், முதல் இணைப்பில்தான் ஏற்றப்படும். கருவி அசலா என்று செயலி செய்யும் சோதனையில் தேறாவிட்டால் அங்கேயே நிறுத்துங்கள்.

4. "புதிய வாலட்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். பின் எண்ணுக்குப் பிறந்த ஆண்டு, வண்டி எண் வேண்டாம். ஆறு இலக்கமாவது வையுங்கள். லெட்ஜரில் மூன்று முறை தவறினால் கருவி தன்னை அழித்துக்கொள்ளும். டிரெசரில் 16 முறை வரை போகலாம், ஒவ்வொரு தவறுக்கும் காத்திருப்பு இருமடங்காகும்.

5. சொற்கள் கருவித் திரையில் மட்டுமே வரும். கணினித் திரையில் வந்தாலோ, கணினியில் தட்டச்சு செய்யச் சொன்னாலோ அது போலிச் செயலி. வரிசை எண்ணோடு ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். பால்பாயின்ட் பேனா போதும். ஜெல் பேனா, மைப்பேனா வேண்டாம், ஈரம் பட்டால் கரையும்.

6. இனிதான் பலர் தாண்டிப் போகும் படி. கருவி தரும் முதல் முகவரியை எழுதி வையுங்கள். மிகச் சிறிய தொகை ஒன்றை அங்கே அனுப்புங்கள். வந்து சேர்ந்ததும் கருவியை முழுக்க அழியுங்கள். இப்போது காகிதத்தைப் பார்த்துச் சொற்களை மீண்டும் உள்ளிடுங்கள். இரண்டே பொத்தான் உள்ள கருவியில் 24 சொற்களை உள்ளிட அரை மணி நேரம்கூடப் பிடிக்கும். அதே முகவரி வருகிறதா, அனுப்பிய தொகை தெரிகிறதா? வந்தால் உங்கள் காகிதம் சரி. வராவிட்டால் போனது அந்தச் சிறு தொகை மட்டுமே. லட்சக்கணக்கில் ஏற்றிய பிறகு 17ஆம் சொல்லின் கையெழுத்து புரியவில்லை என்று தெரிய வருவதைவிட இது எவ்வளவோ மேல்.

7. அந்தச் சிறு தொகையில் கொஞ்சத்தைத் திருப்பி எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்பிப் பாருங்கள். வருவதும் போவதும் தெரிந்த பிறகு மீதியை மாற்றுங்கள்.

மாற்றும்போது முகவரியைக் கருவித் திரையில் வரவழைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். நீங்கள் காப்பி செய்த முகவரியை ஒட்டும் கணத்தில் வேறாக மாற்றிவிடும் வைரஸ்கள் உண்டு. முதல் நாலு, கடைசி நாலு எழுத்து மட்டும் பார்ப்பது போதாது. அவை ஒத்துப்போகும்படி போலி முகவரி செய்து, உங்கள் பரிவர்த்தனைப் பட்டியலில் நுழைக்கிறார்கள். நடுவிலும் ஆறேழு எழுத்துகளைப் பாருங்கள். பழைய பட்டியலிலிருந்து முகவரியைக் காப்பி செய்யும் பழக்கமே வேண்டாம்.

யூஎஸ்டிடி (டாலர் மதிப்பைப் பின்பற்றும் காயின்) வைத்திருப்பவர்கள் நெட்வொர்க்கைக் கவனியுங்கள். அது டிரான், எத்தீரியம் எனப் பல நெட்வொர்க்குகளில் ஓடும். டிரான் முகவரி ஆங்கில "டி" எழுத்தில் தொடங்கும், எத்தீரியம் முகவரி பூஜ்யத்திலும் "எக்ஸ்" எழுத்திலும் தொடங்கும். எக்ஸ்ஆர்பியை எக்ஸ்சேஞ்சுக்குத் திருப்பி அனுப்பும்போது அது உங்கள் கணக்கு என்று காட்டும் டேக் எண்ணையும் சேர்த்துப் போட வேண்டும். விட்டால் பணம் எக்ஸ்சேஞ்சுக்குப் போகும், உங்கள் கணக்கில் ஏறாது.

பிட்காயினை மாதாமாதம் ஐந்நூறு ரூபாய்க்கு வாங்கி மாதாமாதம் வாலட்டுக்கு மாற்றுவது நல்லதல்ல. வரும் ஒவ்வொரு தொகையும் தனிச் சில்லறையாக நிற்கும். செலவழிக்கும்போது ஒவ்வொரு சில்லறைக்கும் சுமார் 68 மெய்நிகர் பைட் (பரிவர்த்தனையின் அளவைக் குறிக்கும் அலகு) இடத்துக்குக் கட்டணம் கட்ட வேண்டும். பைட்டுக்கு 10 சடோஷி (ஒரு பிட்காயினில் பத்துக் கோடியில் ஒரு பங்கு ஒரு சடோஷி) என்று வைத்தால், ஐம்பது சில்லறையைச் சேர்த்து அனுப்ப 34,000 சடோஷிக்கு மேல் போகும். ஒரே தொகையாக வந்திருந்தால் சுமார் 1,400 சடோஷியில் முடிந்திருக்கும். எக்ஸ்சேஞ்சில் ஓரளவு சேர்ந்ததும் மொத்தமாக மாற்றுங்கள்.

சொற்களை எங்கே வைப்பது

கருவிக்காகச் செலவழித்த யோசனையைவிட மூன்று மடங்கு இதற்கு வேண்டும்.

முதலில் வேண்டாதவை. போட்டோ எடுக்காதீர்கள். கேலரியிலுள்ள படங்களைப் படித்து மீட்புச் சொற்களைத் தேடும் செயலிகளை 2025 பிப்ரவரியில் காஸ்பர்ஸ்கி என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் கண்டுபிடித்தது, அவை கூகுள் பிளேயிலும் ஆப்பிள் ஸ்டோரிலும் இருந்தன. தனக்குத்தானே வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொள்வது, மின்னஞ்சல் டிராஃப்ட், ஜெராக்ஸ் கடையில் நகல், லேமினேஷன் கடை, எல்லாமே வேண்டாம். காகிதத்தை லேமினேட் செய்தே ஆக வேண்டும் என்றால் வீட்டிலேயே ஜிப் உறையில் போட்டு விளிம்பை டேப்பால் ஒட்டுங்கள்.

நம் ஊருக்கென்று இரண்டு எதிரிகள்: தண்ணீரும் உப்புக்காற்றும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் ஏறக்குறைய 48 சென்டிமீட்டர் மழை கொட்டியது. சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணை வெள்ளம் கடலூர் குடியிருப்புகளுக்குள் புகுந்தது. பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த பத்திரங்களுக்கு என்ன ஆனது என்று இங்கே பலருக்குத் தெரியும். காகிதம் ஒரு படிதான், உலோகத்துக்கு மாறுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வரும் உலோகத் தகடுகள் விலை அதிகம். வாஷரில் நாமே செய்துகொள்ளலாம். தேவையானவை: எம்8 பெரிய வாஷர் 28 (வெளி விட்டம் 24 மி.மீ., துளை 8.4 மி.மீ., தடிமன் 2 மி.மீ.), எம்8 போல்ட் 65 மி.மீ. நீளம் ஒன்று, அதற்கு நைலான் நட் ஒன்று, 3 மி.மீ. ஆங்கில எழுத்துப் பஞ்ச் செட் ஒன்று, எண் பஞ்ச் செட் ஒன்று, அரைக் கிலோ சுத்தி, அடியில் வைக்கக் கனமான இரும்புக் கட்டை. எல்லாம் 316 ரகத் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். சாதாரண 304 ரகம் கடலோரக் காற்றில் ஆண்டுகள் போகப் புள்ளி புள்ளியாக அரிக்கும். 316இல் மாலிப்டினம் கலந்திருப்பதால் உப்பைத் தாங்கும். காந்தம் ஒட்டுகிறதா என்று பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது, இரண்டிலுமே சரியாக ஒட்டாது. கடலூர் முதுநகர் துறைமுகப் பக்கமும் தேங்காய்த்திட்டிலும் படகுச் சாமான் விற்கும் கடைகளில் "316 எஸ்.எஸ்." என்று கேட்டுப் பாருங்கள்.

ஒரு வாஷருக்கு ஒரு சொல். முதல் நாலு எழுத்து மட்டும் போதும். 12, 24 சொல் வகைகளுக்கான பட்டியலில் உள்ள 2,048 ஆங்கிலச் சொற்களும் முதல் நாலு எழுத்திலேயே ஒன்றுக்கொன்று வேறுபடும்படி தேர்ந்தெடுக்கப்பட்டவை. மூன்றெழுத்துச் சொல் வந்தால் நாலாவது இடத்தில் ஒரு கோடு அடியுங்கள். "ஆக்ட்", "ஆக்டர்" இரண்டுமே பட்டியலில் உண்டு, கோடு இல்லாவிட்டால் பின்னால் குழப்பும். மறுபுறம் வரிசை எண். இதை மறந்தால் நட் கழன்று வாஷர்கள் சிதறும்போது வரிசையே போய்விடும். மேலும் கீழும் ஒரு வெற்று வாஷர் வைத்து மூடி நட்டை இறுக்குங்கள். பட்டறையில் கொடுத்துப் பஞ்ச் அடிக்கச் சொல்லாதீர்கள், உங்கள் கையாலேயே அடிக்க வேண்டும். முதலில் இரண்டு உபரி வாஷரில் பழகுங்கள். ஒரே அடியில் பதிய வேண்டும், இரண்டாவது அடி எழுத்தை இரட்டிக்கும்.

புதுச்சேரிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தச் சொற்பட்டியல் பிரெஞ்சிலும் இருக்கிறது, தமிழில் இல்லை. பிரெஞ்சு தெரியும் என்பதற்காக அதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். பெரும்பாலான கருவிகள் ஆங்கிலப் பட்டியலை மட்டுமே ஏற்கும்.

இரண்டு நகல், இரண்டு ஊர். கடலூரில் ஒன்று, புதுச்சேரியில் ஒன்று என்று வைத்தால் போதாது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் இரண்டு ஊரையும் ஒரே இரவில் அடித்தது. ஒரே புயல், ஒரே வெள்ளம் இரண்டையும் தொடாதபடி இரண்டாவது நகல் திருச்சி, சேலம் என்று உள்நாட்டில் நம்பகமான உறவினர் வீட்டிலோ அங்குள்ள வங்கி லாக்கரிலோ இருக்கட்டும். லாக்கரில் வைப்பவர்கள் ரிசர்வ் வங்கி விதியை அறிந்திருக்க வேண்டும். தீ, திருட்டு, கட்டடம் இடிவது, ஊழியர் மோசடி ஆகியவற்றுக்கு வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையைப் போல் நூறு மடங்கு வரைதான். வெள்ளம் போன்ற இயற்கைச் சீற்றத்துக்கு, வங்கியின் அலட்சியம் இல்லாதவரை, பொறுப்பில்லை. தரைத்தளத்தில் லாக்கர் அறை உள்ள கிளையைத் தவிர்க்கலாம்.

24 சொற்களை 12, 12ஆகப் பிரித்து இரண்டு இடத்தில் வைப்பது புத்திசாலித்தனம் போலத் தோன்றும். ஆனால் ஒரு பாதி போனாலே எல்லாம் போய்விடும், இழக்கும் வாய்ப்பை நீங்களே இருமடங்காக்குகிறீர்கள். பங்கிட்டு வைக்கத்தான் வேண்டும் என்றால் டிரெசரின் புதிய மாடல்களில் உள்ள "மூன்றில் எந்த இரண்டும் போதும்" என்ற பங்கீட்டு முறையைப் பயன்படுத்துங்கள்.

ஒரு சொல் மட்டும் அழிந்துவிட்டால் பதற வேண்டாம். எந்த இடம் என்று தெரிந்தால் 2,048 சொற்களையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்கலாம். 24 சொல் வகையில், சொற்களுக்குள்ளேயே அமைந்திருக்கும் கணக்குச் சரிபார்ப்பில் தேறுவது சுமார் எட்டுச் சொற்கள்தான். "மீட்டுத் தருகிறோம்" என்பவரிடம் மட்டும் மீதிச் சொற்களைக் கொடுக்காதீர்கள்.

கையோடு கொண்டுபோவது

காயினைப் பெற கருவி தேவையில்லை, முகவரி போதும். இருப்பைப் பார்க்கவும் கருவி தேவையில்லை. பொதுச் சாவியை (முகவரிகளைக் காட்டும், செலவழிக்க விடாத சாவியை) மட்டும் போனில் ஏற்றி "பார்வைக்கு மட்டும்" வாலட் வைத்துக்கொள்ளலாம். அந்தப் போன் தொலைந்தால் உங்கள் கணக்கு விவரம் தெரியவரும், காயின் போகாது. அனுப்பும்போது மட்டும்தான் கருவி வேண்டும். இரண்டு ஆண்டு தொடாமல் வைக்கப் போகிற காயினுக்காகத் தினமும் கடலூரிலிருந்து புதுச்சேரி பஸ்ஸில் கருவியைச் சுமந்து போவானேன்? பையில் இருந்தால் வியர்வை, கடற்கரை மணல், ஸ்கூட்டர் டிக்கிச் சூடு எல்லாம் அதன் திரையையும் பேட்டரியையும் தின்னும். அதைவிட, "இவரிடம் கிரிப்டோ இருக்கிறது" என்று பார்ப்பவருக்கெல்லாம் அது சொல்லிவிடும்.

அன்றாடத்துக்குப் போனில் ஒரு சின்ன வாலட் வைத்துக்கொள்ளுங்கள். மணிபர்சில் எவ்வளவு வைப்பீர்களோ அவ்வளவுதான் அதில். அதன் சொற்கள் வேறு, கருவியின் சொற்கள் வேறு. கருவியின் 24 சொற்களைப் போன் செயலியில் உள்ளிட்ட கணத்தில் அது ஹார்டுவேர் வாலட் என்ற தகுதியை இழந்துவிடும்.

வெளிநாட்டில் மாதக்கணக்கில் தங்கப் போகிறவர் கொண்டுபோகலாம். கைப்பையில் வையுங்கள், செக்-இன் பெட்டியில் வேண்டாம். விமான நிலைய எக்ஸ்ரே அதை ஒன்றும் செய்யாது. சொற்கள் எழுதிய காகிதம் அதே பையில் பயணம் செய்யவே கூடாது. பின் எண்ணை உடைக்க முடியாமல் கருவி தன்னை அழித்துக்கொள்ளலாம், காகிதத்துக்குப் பின் எண் கிடையாது.

அடிக்கடி வரும் கோளாறுகள்

கருவியில் வெளிச்சம் வருகிறது, கணினிக்குத் தெரியவில்லை: பெரும்பாலும் கேபிள்தான் காரணம். சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவான டைப்-சி கேபிளில் டேட்டா போகாது. பெட்டியோடு வந்த கேபிளில் ஒரு துண்டு டேப் ஒட்டித் தனியாக வையுங்கள்.

திரை மங்குகிறது, பேட்டரி நிற்கவில்லை: கருவியை ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது எடுத்து இணைத்து, ஃபர்ம்வேர் பார்த்து, மீண்டும் சிலிக்கா ஜெல் பையோடு டப்பாவில் வையுங்கள். புதுப்பிக்கும் முன் சொற்கள் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். எப்போதாவது புதுப்பிப்பு பாதியில் நின்று கருவி வெறுமையாகும்.

சொற்களை உள்ளிட்டேன், இருப்பு பூஜ்யம்: வேறு செயலியில் மீட்டால் இது நடக்கும். காயின் போகவில்லை. கணக்கு வகை வேறாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கும். உங்கள் பழைய பிட்காயின் முகவரி 1இல் தொடங்கியதா, 3இல் தொடங்கியதா, "பிசி1" என்று தொடங்கியதா பாருங்கள். அதற்கேற்ற கணக்கு வகையைச் சேர்த்தால் இருப்பு வந்துவிடும். முதல் நாள் முகவரியை எழுதி வைக்கச் சொன்னது இதற்காகவும்தான்.

கூடுதல் கடவுச்சொல் போட்டேன், எல்லாம் மறைந்துவிட்டது: 24 சொற்களுக்கு மேல் நாமே சேர்க்கும் கடவுச்சொல்லில் "தவறு" என்று கருவி சொல்லவே சொல்லாது. ஒரு எழுத்து மாறினாலும், ஒரு இடைவெளி கூடினாலும், வேறொரு வெற்று வாலட்டைத் திறந்து காட்டும். இதை வைப்பதானால் தனியாக எழுதி வையுங்கள். நினைவில் மட்டும் வைப்பவர்கள் இழக்கிறார்கள். முதல்முறை வாங்குகிறவர்களுக்கு எங்கள் யோசனை, இது வேண்டாம்.

"கஸ்டமர் கேரிலிருந்து பேசுகிறோம், உங்கள் வாலட்டைச் சரிபார்க்க வேண்டும்": எந்தத் தயாரிப்பாளரும் போன் செய்து சொற்களைக் கேட்க மாட்டார். கம்பெனி முத்திரையோடு தபாலில் கியூஆர் கோடு வந்தாலும் அதே பதில்தான். தெரியாமல் சொல்லிவிட்டால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் புதிய சொற்களோடு புதிய வாலட் உருவாக்கிக் காயினை அங்கே நகர்த்துங்கள். திருட்டு நடந்துவிட்டால் 1930 என்ற சைபர் குற்றப் புகார் எண்ணில் புகார் செய்யுங்கள்.

கணக்கும் வாரிசும்

உங்கள் எக்ஸ்சேஞ்ச் கணக்கிலிருந்து உங்கள் சொந்த வாலட்டுக்கு மாற்றுவது விற்பனை அல்ல. ஆனால் பின்னால் விற்கும்போது லாபத்தில் 30% வரி உண்டு, வாங்கிய விலையைத் தவிர வேறு செலவைக் கழிக்க முடியாது, நட்டத்தை இன்னொன்றின் லாபத்தில் ஈடுகட்டவும் முடியாது. ஆகவே வாங்கிய விலைக்கான ஆதாரம் உங்களிடம்தான் இருக்க வேண்டும். எக்ஸ்சேஞ்ச் மூடினால் அந்தப் பட்டியலும் போய்விடும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் தேதி, அளவு, வாங்கிய விலை, பரிவர்த்தனை எண் ஆகிய நான்கையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். எக்ஸ்சேஞ்சின் ஆண்டு அறிக்கையை இறக்கி அச்செடுத்து வையுங்கள்.

வங்கிக் கணக்குக்குப் போல் இதற்கு நாமினி கிடையாது. கிரிப்டோ ஒரு சொத்துதான், உடைமையாகவும் அறங்காவலாகவும் வைத்துக்கொள்ளத்தக்கது என்று 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. கடலூரும் புதுச்சேரியும் அந்த நீதிமன்றத்தின் எல்லைக்குள் வருபவை. இருந்தாலும் வாரிசுச் சான்றிதழைக் காட்டிப் பிளாக்செயினைத் திறக்க முடியாது. வீட்டில் ஒருவருக்காவது ஒரு பக்கக் கடிதம் எழுதி வையுங்கள்: என்ன கருவி, எந்தக் காயின், வாஷர் மாலை எங்கே இருக்கிறது, பின் எண் உறை எங்கே, கூடுதல் கடவுச்சொல் உண்டா இல்லையா, அவசரப்பட்டு யாரிடமும் சொற்களைக் காட்டக் கூடாது என்பது. சொற்களை அந்தக் கடிதத்தில் எழுதாதீர்கள். எழுதியபின் அவரை உட்காரவைத்து, சிறு தொகை உள்ள வாலட்டில் ஒரு முறை மீட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் எங்கே தடுமாறுகிறாரோ அந்த வரியைத் திருத்தி எழுதுங்கள்.